சூப்பர் ட்வீட்டர் விற்பனைக்கு

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை அங்கயே உடுங்க. நாய் ஒண்ணும் பண்ணாதுங்க, பயப்படாதீங்க. மோந்து பாத்துட்டு வாசல்லயே படுத்துக்கும். இந்த ரூமுக்குள்ள மட்டும் அது வராது. முன்னெல்லாம் என்ற காலுக்கடியிலதான் கெடக்கும், இப்பக் கொஞ்ச மாசமா வாசப்படியே தாண்டறதில்ல. அதுக்கும் வயசாயிருச்சுங்க.

போன்ல பேசுனது நீங்கதானுங்களே? திருப்பூருல இருந்து பைக்லயேவா வந்தீங்க? என்ன வயசுங்க உங்களுக்கு? இருபத்தேழுங்களா, நல்லதாப் போச்சு. நேத்து ஒருத்தரு வந்தாரு, பேங்குல இருந்து ரிட்டயரானவரு, என்ற வயசு இருக்கும். ஒரு காப்பியக் குடுத்து, சாமான் வித்துப்போச்சுங்கன்னு சொல்லி அனுப்பி உட்டுட்டேன். பாவம், ஈரோட்டுல இருந்து பஸ்ஸு ஏறி வந்த மனுசன். அதுக்கென்னங்க பண்றது.

அட, அந்தச் சேரு வேண்டாங்க. இக்கட்ட வாங்க, இந்த ஸ்டூல்ல ஒக்காருங்க. ஸ்பீக்கரு உங்க முதுகுக்குப் பொறத்தால இருக்கட்டும், நீங்க என்னையப் பாத்து ஒக்காருங்க. ஸ்பீக்கரைப் பாத்து ஒக்காந்துதான் கேக்கோணும்னு எனக்குந் தெரியுமுங்க. பாட்டு இன்னும் போடலியே. ஆம்ப்ளிஃபயரு பழைய சாமான், சூடாகறதுக்குக் கொஞ்ச நேரம் புடிக்கும். நீங்க வாசல்ல வண்டிய நிறுத்தறதப் பாத்துட்டுத்தான் சுச்சைப் போட்டேன். அது சூடாகற மட்டும் பேசிட்டிருப்போம். மூஞ்சியக் காட்டிப் பேசுங்க, அது போதும்.

நீங்க கேட்டு வந்த சாமான் இதுதானுங்க. பெரிய பொட்டி மேல அந்தப்பக்கம் ஒண்ணு, இந்தப்பக்கம் ஒண்ணு, சந்தனக் கிண்ணமாட்ட ஒக்காந்திருக்குது பாருங்க. சூப்பர் ட்வீட்டரு. பெரிய பொட்டியிலயே அடி சத்தம், நடு சத்தம், மேல் சத்தம் எல்லாம் வந்துரும். அதுக்கும் மேல உச்சாணிக் கொம்புல ஒரு சத்தம் இருக்குதுங்களே, கஞ்சிராவுல ஜல்லு அடங்கறப்போ கடேசியா ஒரு துளி, அத இதுதான் எடுத்துக் குடுக்கும். வயசானவங்க காதுக்கு அந்தச் சத்தமே எட்டாது, அப்பறம் உங்களுக்கு இது எதுக்குன்னு என்ற பையன் கேக்கறான். காது டாக்டரும் எட்டாதுன்னுதான் சொன்னாரு. இப்ப உங்க மூஞ்சியுந்தான் கேக்குது. இல்லீங்கறீங்களா? தம்பி, மூஞ்சி விசயத்துல எங்கிட்டப் பொய் சொல்ல முடியாதுங்க.

ஏன்னு கேளுங்க. நான் மில்லுக்காரன். எம்பேரு நஞ்சப்பன், ரிங் ஃபிரேம் டிபார்ட்மென்டு மேஸ்திரின்னா அந்தக் காலத்துல சிங்காநல்லூருல தெரியாத ஆளில்ல. நூல் நூக்கற மிசினு வரிசை வரிசையா ஓடும். அதுக்குள்ள பேச்சே கெடையாதுங்க. ரெண்டடில நின்னு கத்துனாலும் வாய் அசையும், சத்தம் வராது. அதனால நாங்க மூஞ்சியப் பாத்தே பேசிக்குவோம். பாபின் தீந்துருச்சுன்னா ஒரு புருவம், சூப்பர்வைசரு வராருன்னா மூக்குல ஒரு சொறி. ஒருத்தனுக்குப் பொறத்தால ஏதாவது சத்தம் வந்தா, அது அவங் காதுக்குப் போறதுக்கு முன்னால அவன் மூஞ்சிலிருந்து எனக்கு வந்துரும். ஆயுசு பூராம் அப்படிக் கேட்டவன் நான். என்னையப் போயி செவுடுங்கறானுங்க!

என்ற ஊட்டுக்காரி பூவாத்தாளும் அதே மில்லுதானுங்க. நூலைக் கோன்ல சுத்தற டிபார்ட்மென்டு. மத்த பொம்பளைங்க புருசனை ஏனுங்கம்பாங்க, மாமாம்பாங்க. மில்லுக்குள்ள போயி ஏனுங்கன்னு கத்துனா எந்த ஏனுங்க திரும்பும், சொல்லுங்க? பேரச் சொல்லுவாளா, அதுவும் மாட்டா. எமகாதகி, ஒரு வழி கண்டுபுடிச்சா. நாக்கைப் பல்லுல ஒட்டிக்கிட்டு, "ஸ்ஸ்... ஸ்ஸ்"னு ரெண்டு தடவை. அவ்வளவுதான். மில்லுச் சங்கு ஊதுனாலே சில நேரம் தெரியாதுங்க, ஆனா அந்த ஸ்ஸ் மட்டும் அத்தனை மிசினு சத்தத்தையும் பொத்துக்கிட்டு ஊசியாட்ட வந்து என்ற காதுல நிக்கும். திரும்பிப் பாத்தா தூக்குப்போசியத் தூக்கிக் காட்டுவா. சோத்துக்கு வாங்கன்னு அர்த்தம்.

ஊட்டுக்கு வந்தும் அதேதான். கல்யாணமான நாள்ல இருந்து அவ என்னைய வேற எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லீங்க. சண்டைன்னாலும் ஸ்ஸ், சோறுன்னாலும் ஸ்ஸ். மாட்டை ஓட்டறாப்பல கூப்பிடறாளேன்னு என்ற அக்கா ஏசும். எனக்கென்னமோ பேரச் சொல்லிக் கூப்பிட்டாக்கூட அவ்வளவு இனிப்பா இருந்திருக்காது. சிரிக்காதீங்க தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்பறம் பாக்கலாம்.

அப்பறம் வேலையும் முடிஞ்சு போச்சு, பையனும் தலையெடுத்துட்டான். எனக்குன்னு ஒரே ஒரு ஆசை, நல்ல செட்டுல பாட்டுக் கேக்கோணும். இத்தனை வருசம் மிசினு சத்தத்தக் கேட்ட காதுக்கு நல்ல சத்தமாக் குடுக்கோணும்னு ஒரு வெறி. இந்த ரூமுல இத மாட்டி ஒக்காந்தேன்னா சோறு தண்ணி வேண்டாங்க.

அந்த நேரத்துல பாத்து பூவாத்தாளுக்கு வாய்ச் சத்தம் கம்மியாயிருச்சுங்க. வயசாகுதில்ல. முன்பல்லு ரெண்டு போயிருச்சு, காத்து ஒழுகிருது போல. ஸ்ஸுன்னு கூப்பிட்டேங்கறா, எனக்கு ஒண்ணுமே வரல. அவளா ஒத்துக்குவா? "நடிக்கறீங்க, பாட்டை உட்டு எந்திரிக்க மனசில்லாம நடிக்கறீங்க"ன்னு சண்டைக்கு வருவா. அப்பறம் கரண்டியத் தூக்கிட்டு வந்து இந்த டேபிள்ல தட்டுவா. பாருங்க, அந்த வடு இன்னும் இருக்குது. "இந்த வயசுல நஞ்சப்பான்னு கூப்பிட்டாத்தான் ஐயாவுக்குக் கேக்குமாக்கு?"ன்னு ஒரு நாள் கேட்டா. கூப்பிடேன் பாக்கலாம்னேன். மூஞ்சி செவந்து உள்ள போயிட்டா.

அவ தொல்லை தாங்காம என்ற பையன் லோகு காது டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனான். கண்ணாடி ரூமுக்குள்ள ஒக்கார வெச்சு, காதுல மாட்டி உட்டு, சத்தம் கேட்டா பட்டனை அமுக்கச் சொன்னாங்க. கண்ணாடிக்கு அக்கட்ட ஒரு நர்ஸம்மா. அவ ஒவ்வொரு தடவையும் சத்தம் உடறப்போ கீழ்உதட்டைத் துளியூண்டு கடிச்சா. எனக்கு அது பத்தாதா? டக்கு டக்குன்னு அமுக்கித் தள்ளீட்டேன். டாக்டரு மலைச்சுப் போயிட்டாருங்க. இந்தப் பூவாத்தா இருக்கறாளே, சும்மா இருக்கோணுமில்ல? "ஏஞ்சாமி, அவரத் திருப்பி ஒக்கார வெச்சுக் கேளுங்க"ன்னுட்டா. கட்டுனவளே காட்டிக் குடுத்துட்டா, அப்பறம் யாரைச் சொல்றது.

செவுத்தைப் பாத்து ஒக்கார வெச்சாங்க. அந்தச் செவுத்துல என்னங்க தெரியும்? அன்னிக்கு நான் ராத்திரி சரியாத் தூங்கவும் இல்ல, அதையுஞ் சொன்னேன். டாக்டரு காதுல வாங்குனாத்தான. "அடி சத்தம் பரவாயில்ல. மேல் சத்தம் மொத்தமாப் போச்சுங்க. இவங்க ஸ்ஸுன்னு கூப்பிடறாங்களே, அந்த மாதிரிச் சத்தமெல்லாம் இனி உங்களுக்கு எட்டாது. மில்லு தின்னுருச்சு. காதுக்கு மெஷின் வெச்சுக்குங்க, ஓரளவு கேக்கும்"ன்னாரு. செவிட்டு மெஷினு! எனக்கு! பாட்டை அக்கக்காப் பிரிச்சுக் கேக்கற எனக்கு! வெளிய வந்து லோகுவப் புடிச்சு ஏசுன ஏச்சுல ஆஸ்பத்திரி செக்யூரிட்டியே எந்திரிச்சு வந்துட்டான்.

ஆனா ஒண்ணு மனசுல நின்னுக்கிச்சுங்க. மேல் சத்தம் பத்தல. டாக்டரு சொன்னதுல அது மட்டும் சரிதான். கஞ்சிராவுல ஜல்லு வராம வெறுந் தோலு மட்டும் டப்பு டப்புன்னு வந்துட்டிருந்துச்சு. நேரா கிராஸ்கட் ரோட்டுல ஜோசப்பு கடைக்குப் போனேன். எனக்குச் செட்டு குடுத்ததும் அவன்தான், ரிப்பேருக்கு வாரதும் அவன்தான். மேல் சத்தம் பத்தலப்பான்னேன். "சூப்பர் ட்வீட்டர் போடுங்க, அதுக்கு மேல சத்தமே இல்ல"ன்னான். வயசான காதுக்குக் கேக்குமான்னு கேட்டேன். கொஞ்சம் தலையச் சொறிஞ்சான். அப்பறம், "காதுல கேக்காட்டியும் ஒடம்பு வாங்கிக்கும்ணா. தோலு, எலும்பு எல்லாம் கேக்கும்"ன்னான். எவ்வளவு பெரிய பேச்சு பாத்தீங்களா? மேல் சத்தம் கம்மின்னா மேல் சத்தத்தக் கூட்டோணும், அதுதான நாயம். சோத்துல உப்புக் கம்மின்னா சோத்துல போடுவீங்களா, நாக்குல தடவுவீங்களா?

பூவாத்தா கிட்ட இதையேதான் சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"ன்னு சொல்லீட்டு அரிசி பொடைக்கப் போயிட்டா.

ஜோசப்பு வந்து மாட்டிக் குடுத்தது ஐப்பசி மாசத்துல ஒரு மத்தியானம். வெளிய மழை தூறிட்டிருந்துச்சு. அவன் போன ஒடனே கதவைச் சாத்தி ஒக்காந்தேன். அட அட அட! என்னத்தச் சொல்றதுங்க. ஜல்லு வந்துச்சு. தம்புராவுல ஒவ்வொரு கம்பியும் தனியா வந்துச்சு. வாசிக்கறவரு மூச்சு உடறது கேட்டுச்சு. உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் கேட்டுச்சுங்க. ஒரு ரெக்கார்டு முடிஞ்சு இன்னொண்ணு, அது முடிஞ்சு இன்னொண்ணு. காப்பிக்கு யாரும் வரலையேன்னு அப்பத்தான் நெனப்பு வந்துச்சு.

பூவாத்தா பொடக்காணில, அதானுங்க, கொல்லையில தொவைக்கற கல்லுக்கிட்ட விழுந்து கெடந்தா. ஒரு பக்கம் கையும் காலும் வாயும் இழுத்துக்கிச்சு. சீலை பூராம் நனைஞ்சு போச்சு. கண்ணு மட்டும் தொறந்து இந்த ரூமுச் சன்னலப் பாத்துட்டே இருந்துச்சு. பேச்சு வரல. ஆஸ்பத்திரில அதுக்கப்பறமும் பேச்சு வரல. "கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்திருந்தா..."ன்னு டாக்டரு ஏதோ ஆரம்பிச்சாரு, லோகு கையக் காட்டி நிறுத்தீட்டான். அடுத்தநாள் பொழுதோட போயிட்டா.

பக்கத்து ஊட்டுல சுந்தராம்பான்னு ஒரு பொம்பளை இருக்குது. எளவு ஊட்டுல, அத்தனை ஒறம்பரை சனத்துக்கு முன்னால, மாருல அடிச்சுக்கிட்டுச் சொல்லுது: "மத்தியானம் பூராம் ஸ்ஸ், ஸ்ஸுன்னு சத்தம் வந்துட்டே இருந்துச்சே சாமி, குக்கர்ல காத்துப் போகுதாக்கும்னு இருந்துட்டனே!" எல்லாரும் என்ற மூஞ்சியப் பாத்தாங்க. எதுக்குப் பாக்கறாங்க? அந்தப் பொம்பளை எதையாவது சொல்லும், நாக்குல நரம்பில்லாத சென்மம். மெய்யாலுமே குக்கரா இருந்திருக்கும், அவ ஊட்டுக் குக்கரே இருந்திருக்கும். பூவாத்தா கூப்பிட்டிருந்தா எனக்குக் கேக்காம போயிருக்குமா தம்பி? அன்னிக்கு மாதிரி இந்த ரூமுல சத்தம் என்னிக்குமே சுத்தமா வந்ததில்லீங்க. ஒரு ஊசி விழுந்திருந்தாக்கூடக் கேட்டிருக்கும். அவ கூப்பிடல. அன்னிக்கு அவ கூப்பிடவே இல்லீங்க.

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி.

காரியமெல்லாம் முடிஞ்ச பொறகு, அப்பனைத் தனியா உடக்கூடாதுன்னு லோகு குடும்பத்தோட இங்க வந்துட்டான். மருமக சுகன்யா நல்ல புள்ளைங்க, மாமா மாமான்னு உசுர உடும். பேத்தி மித்ரா, இப்பத்தான் பள்ளிக்கோடம் போகுது, வாயாடி, என்னைய அப்பாரு அப்பாருன்னு சுத்திச் சுத்தி வரும். நான் கொஞ்ச நாளு பாட்டே போடல. அப்பறம் ஒரு நாள் பொழுதோட மனசு கேக்காம செட்டைப் போட்டு உட்டேன். பாட்டுப் போடல, சும்மா சுச்சை மட்டும் போட்டு உட்டு இந்தச் சேருல ஒக்காந்திருந்தேன். மித்ரா கீழ ஒக்காந்து கலரடிச்சுட்டிருந்துச்சு. திடீர்னு தலையத் தூக்குச்சு. பென்சிலக் கீழ வெச்சுட்டுச் சொல்லுது: "அப்பாரு, அப்பத்தா கூப்பிடுது."

எங்க கண்ணுன்னேன். அந்தப் பொட்டியக் கைகாட்டுச்சு. என்ன சொல்லிக் கூப்பிடுதுன்னேன். அந்தப் பிஞ்சு, நாக்கைப் பல்லுல ஒட்டி, அவ எப்படிச் சொல்லுவாளோ அச்சு அசலா அதே மாதிரி, "ஸ்ஸ்... ஸ்ஸ்"ங்குது. நான் அதுகூட அது வாயைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

கொழந்த சொல்றதக் கொழந்தன்னு உட்டுரலாம். சுகன்யாளக் கூப்பிட்டேன். விசயம் எதுவும் சொல்லல, இங்க சித்த நில்லும்மான்னேன், அவ்வளவுதான். அவ மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்பறம் இடது கண்ணோரம் ஒரு சுருக்கு விழுந்துச்சு. கழுத்து அந்தப்பக்கம் துளி திரும்புச்சு. "என்ன மாமா அது, ஸ்ஸுன்னு வருது, நிக்குது, மறுபடியும் வருது?"ன்னு கேட்டா. கேட்டவ அப்படியே வாயப் பொத்திக்கிட்டா. அவளுக்கும் நெனப்பு வந்துருச்சு. அதுக்கப்பறம் அந்தப் புள்ள இந்த ரூமுக்குள்ள கால் வெக்கல. நாயும் அந்த வாரத்துலதான் வாசலுக்குப் போனது.

இப்பச் சொல்லுங்க தம்பி. வயசான காதுக்கு சூப்பர் ட்வீட்டர் பிரயோசனமா இல்லையா? இது இல்லாம இருந்திருந்தா அவ வந்து கூப்பிடறது எப்படித் தெரிஞ்சிருக்கும்? எனக்குக் கேக்கல, சரி. கேக்கறவங்களுக்குக் கேக்குதில்ல?

அதுக்கப்பறம் எனக்குச் சோறு எறங்கலீங்க. வெடியால செட்டைப் போட்டா படுக்கற மட்டும் அது ஓடும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்ற காதுல விழுந்துறாதான்னு பொட்டியோட காதை ஒட்டி வெச்சுட்டு ஒக்காந்திருப்பேன். ஜோசப்பு கிட்டச் சொல்லி இன்னும் பெரிய ட்வீட்டரா மாத்துனேன். நீங்க பாக்கறது அந்த ரெண்டாவது சோடிதான். ஒண்ணும் வரல. நெஞ்சுக்கூடு வலிச்சதுதான் மிச்சம். அப்பறம் மித்ராளப் பக்கத்துல ஒக்கார வெச்சுக்கிட்டேன். கண்ணு, அப்பத்தா கூப்பிடறப்பெல்லாம் அப்பாரு கையத் தொடு, அது போதும்னேன். அதுவும் பாவம், தொட்டுட்டே இருக்கும். அது தொட்டா நான் ‘என்ன பூவாத்தா’ம்பேன். மறுபடியும் தொடும். ‘இங்கதான் இருக்கறேன்’ம்பேன். அந்தப் பொழுதெல்லாம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க. நாப்பது வருசம் குடும்பம் நடத்துனதுல அவ கூப்பிட்டதுக்கெல்லாம் அவ்வளவு பதில் நான் சொன்னதில்ல.

கொழந்தைக்குக் காச்சல் கண்டுருச்சு. படுக்கையில ஒண்ணுக்குப் போக ஆரம்பிச்சுருச்சு. தூக்கத்துல எந்திரிச்சு ஒக்காந்து வெறுங்காத்தைத் தொட்டுத் தொட்டுப் பாக்குதாம். மாரியாத்தா கோயில்ல கயிறு மந்திரிச்சுக் கட்டுனாங்க. சுகன்யா என்ற கிட்டயே வந்து நின்னு, "மாமா, உங்க காலுல வேண்ணாலும் விழுகறேன், புள்ளைய அந்த ரூமுக்குள்ள கூப்பிடாதீங்க"ன்னு அழுதா. நான் என்ன அடிச்சனா வஞ்சனா? அதோட அப்பத்தாதானுங்களே, புள்ளையக் கடிச்சா திங்கப் போறா?

லோகு ஜோசப்பக் கூட்டிட்டு வந்தான். அவனும் அறுவதத் தாண்டுனவன், அவனுக்கும் அந்தச் சத்தம் கேக்கல. ஏதோ மீட்டரை வெச்சுப் பாத்தான், ஆம்ப்ளிஃபயர் மூடியக் கழட்டிப் பாத்தான். பாத்துட்டுச் சிரிச்சுட்டே சொல்றான்: "ஒண்ணுமில்லண்ணா, ஒரு டிரான்சிஸ்டர் வயசாகிப் பொரியுது. சூடானா விட்டு விட்டு ஸ்ஸுன்னு எரையும். பெரிய ஸ்பீக்கர்ல தெரியாது, இந்த ட்வீட்டர் அத மட்டும் தூக்கிக் காட்டுது. நம்ம காதுக்கு வராது, சின்னவங்களுக்குத்தான் வரும். அஞ்சு நிமிச வேலை, மாத்தீட்டா நின்னுரும்."

நின்னுருமாம்!

சால்டரிங் கோலை அவன் கையில இருந்து புடுங்கி வாசல்ல வீசிட்டேன். "என்ற பொண்டாட்டிய நிறுத்தறதுக்கு நீ யார்றா?"ன்னு கேட்டேன். அவன் பேயறைஞ்சாப்பல லோகுவப் பாக்கறான். லோகு தலையில கைய வெச்சு ஒக்காந்துட்டான். "அப்பா, அது அம்மா இல்லீங்கப்பா, அது மிசினு"ங்கறான். எனக்குத் தெரியாத மிசினா? மிசினு சத்தத்துல இருந்து அவ சத்தத்தப் பிரிச்செடுக்கறது எப்படின்னு எனக்கா சொல்லிக் குடுக்கறான், நேத்துப் பொறந்த பையன்? மில்லு பூராம் மிசினுதான். அதுக்குள்ள அவ கூப்பிடலியா? நான் திரும்பலியா?

"ஒண்ணு அந்தப் பொட்டி இங்க இருக்கோணும், இல்ல நாங்க இருக்கோணும்"ன்னான். நான் போயி செட்டுச் சுச்சைப் போட்டேன். அவங்க போயிட்டாங்க. கார்ல ஏறி ஒக்காந்து, கண்ணாடிய எறக்கி மித்ரா தலைய நீட்டுச்சு. டாட்டா சொல்லப் போகுதுன்னு கையத் தூக்குனேன். அது கேக்குது: "அப்பாரு, அப்பத்தா எவ்வளவு நேரமாக் கூப்பிடுது, நீங்க ஏன் போகவே மாட்டீங்கறீங்க?"

சின்னப்புள்ள. அதுக்கென்ன தெரியும். பதில்தான் சொல்றனே, அப்பறம் எங்க போகோணுங்கறேன்? ஆனா அன்னில இருந்து அந்தக் கேள்வி இந்த ரூமுக்குள்ளயே சுத்திட்டு இருக்குதுங்க தம்பி. எனக்குக் கேக்கற ஒரே சத்தம் இப்ப அதுதான்.

போன்ல படம் போட்டு விக்கறதா எழுதுனது லோகுதானுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மொதல்ல எனக்கு ஆத்திரமாத்தான் வந்துச்சு. அப்பறம் யோசிச்சேன். விக்கறதுன்னு போட்டா ஆளுங்க வருவாங்க. சின்ன வயசு ஆளுங்களா வருவாங்க, நல்ல காதோட. வரட்டும். சித்த ஒக்காந்துட்டுப் போகட்டும். கோவிச்சுக்காதீங்க தம்பி, இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்திருக்கறீங்க. நான் விக்கறதா இல்லீங்க.

எந்திரிக்காதீங்க. ஒக்காருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இப்ப சூடாயிருக்கும்.

இதா. இதா! இடது கண்ணு சுருங்குச்சு. பொய் சொல்லாதீங்க தம்பி, கழுத்து திரும்பப் பாத்துச்சு, நீங்க அடக்கிக்கிட்டீங்க. வந்துச்சில்ல? ரெண்டு தடவையா? ரெண்டு தடவைதான? ஆமான்னு தலைய ஆட்டுங்க போதும்.

பூவாத்தா. வந்துட்டேன், பூவாத்தா. பாட்டையெல்லாம் நிறுத்தீட்டேன், பாரு, ஒண்ணும் ஓடல. எந்திரிச்சுட்டேன். கதவைத் தொறந்துட்டேன். இதா, பொடக்காணிக்கே வந்துட்டேன், கல்லுக்கிட்டயே நிக்கறேன். தம்பி, அந்த ஸ்டூல்ல இருந்தே சன்னல் வழியா என்ற பக்கம் மூஞ்சியத் திருப்புங்க, நீங்க பேசறது எனக்கு இங்க கேக்காது. நிறுத்தீட்டாளா? சொல்லுங்க. ஏன் அப்படிப் பாக்கறீங்க?

இன்னுமா கூப்பிடறா?